அம்மா மாரிக்குப்பம் லைன் வீட்டுக்கே திரும்பணுங்கிறாங்க – இப்போ அங்க குடியிருக்க முடியுமா?

ஒயிட்ஃபீல்டு_வாசி

எல்லாருக்கும் வணக்கம். கோலார் தங்கவயல் ஆளுங்க இங்க கொஞ்சம் பேர் இருக்கீங்கன்னு பழைய இழைகளைப் பார்த்துத் தெரிஞ்சுது. அதனால கேக்குறேன்.

எங்க தாத்தா சாம்பியன் ரீஃப்ல அண்டர்கிரவுண்ட் வேலை. அப்பாவும் அதே சுரங்கம்தான், 2001 பிப்ரவரி 28-ல கம்பெனியை மூடுற வரைக்கும். அப்புறம் நாங்க பெங்களூர் வந்துட்டோம். மாரிக்குப்பம் ஸ்டேஷனுக்குப் பின்னாடி இருக்கிற லைன் வீட்டுல, அதாவது தொழிலாளிங்களுக்குக் கம்பெனி வரிசையா கட்டின வீட்டுல, பெரியம்மா இருந்தாங்க. அவங்களும் போன வருஷம் போய்ச் சேர்ந்துட்டாங்க. வீடு இப்போ பூட்டிக் கிடக்கு.

அம்மாவுக்கு 68 வயசு. சுகர் இருக்கு, முட்டி வலி இருக்கு. அப்பா போனதுக்கப்புறம் இங்க மூணாவது மாடி ஃப்ளாட்ல அவங்களால ஒட்ட முடியலை. "லைன்ல போய் இருக்கேன்டா, வாசல்ல உக்காந்தா நாலு பேர் பேசுவாங்க"ன்னு ஒரே பிடிவாதம். நானும் என் மனைவியும் வேலையை விட முடியாது. நான் மட்டும் வாரத்துல பாதி நாள் அங்கிருந்து ரயில்ல வந்து போகலாமான்னு யோசிக்கிறேன்.

உண்மையான நிலவரம் சொல்லுங்க. தண்ணி எப்படி? ராத்திரி திடீர்னு உடம்புக்கு முடியலைன்னா எங்க ஓடுறது? சயனைடு மலை, அதாவது தங்கம் எடுத்த பிறகு கொட்டின கழிவு மண் குவியல், அதோட தூசி இன்னும் அப்படியேதான் இருக்கா? வீட்டுக்குக் காகிதம் சரியா இருக்கா இல்லையான்னே தெரியலை. செலவு பண்ணி ரிப்பேர் பண்ணலாமா வேணாமா?

மாரிக்குப்பம்_லோக்கல்

வாங்க தம்பி. ரயில் கதையை நான் சொல்றேன், வருஷக்கணக்கா அதுலதான் பொழப்பு.

மாரிக்குப்பம் கடைசி ஸ்டேஷன். அதாவது வண்டி இங்கிருந்துதான் கிளம்பும். அது ஒண்ணே போதும், சீட்டு கிடைக்கும். சாம்பியன்ல ஏர்றவனுக்கு ஓரம் கிடைக்கும், உரிகாம்ல பாதி, கோரமண்டல், பெமல் நகர் வந்தா நிக்கணும். பங்காரப்பேட்டையில ஏர்றவன் பாடு கடவுளுக்குத்தான் தெரியும். விடியறதுக்கு முன்னாடி வண்டியைப் புடிக்கணும், அதுக்கு மூணு மணிக்கே எழுந்து அடுப்பு பத்த வைக்கிற வீடு எங்க லைன்ல எத்தனையோ இருக்கு. பெங்களூர் 100 கிலோமீட்டர். ரெண்டரை மணி நேரம், சிக்னல்ல நிறுத்தினா மூணுக்கு மேல.

உங்களுக்கு ஒயிட்ஃபீல்டு தானே? அப்போ நீங்க கொடுத்து வெச்சவர். சிட்டிக்குள்ள போகவே வேணாம். 2023-ல கே.ஆர்.புரம் – ஒயிட்ஃபீல்டு மெட்ரோ வந்ததுக்கப்புறம் எங்க ஆளுங்க பாதிப் பேர் அங்கேயே இறங்கிடுறாங்க.

ஆனா தினமும் முடியுமான்னு கேட்டா, முடியும். உடம்பு அதுக்குப் பழகும், குடும்பம் பழகாது. என் பையன் முகத்தை நான் ஞாயித்துக்கிழமைதான் வெளிச்சத்துல பார்ப்பேன். கார்மெண்ட்ஸ், செக்யூரிட்டி, ஹவுஸ்கீப்பிங், பெயிண்ட் வேலை, இப்போ கம்ப்யூட்டர் கம்பெனின்னு ஆயிரக்கணக்குல இப்படித்தான் ஓடிக்கினு இருக்காங்க. ஷிஃப்ட்டுக்கு எங்க தாத்தா ஷாஃப்ட்ல இறங்கினார், நாங்க ரயில்ல ஏர்றோம்.

சீசன் பாஸ் எடுத்துடுங்க. டிக்கெட் க்யூவுல நின்னா வண்டி போயிடும்.

தாமரை_லைன்

நான் இங்கேயேதான் இருக்கேன், எங்கேயும் போகலை. அதனால தண்ணி விஷயம் நான் சொல்றேன்.

கம்பெனி இருந்தப்போ பேத்தமங்கலம் ஏரித் தண்ணி குழாயில வரும். பாலாத்துத் தண்ணி. இப்போ அதை நம்பி உலை வைக்க முடியாது. எங்க தெருவுல போர்வெல் தண்ணி முறை வெச்சு விடுறாங்க. முறைன்னா எல்லா நாளும் இல்லை, வர்ற நாள்லயும் நேரம் சொல்ல முடியாது. மோட்டார்க்காரர் வால்வு திறந்தா ஒரு சத்தம் கேக்கும், குழாய்ல காத்து சீறும், அது கேட்டதும் தெருவே குடத்தோட வெளியில வந்துடும். மொதல்ல செம்மண் கலர்ல ஒரு பக்கெட் வரும், அதை ஊத்திடாதீங்க, வாசல் தெளிக்க ஆகும். அப்புறம் வர்றதைப் பிடிச்சு வெச்சுக்கணும். தண்ணி நிக்கிறதுக்குள்ள பிளாஸ்டிக் டிரம் ரெண்டு, சின்டெக்ஸ் ஒண்ணு நிரம்பிட்டா அடுத்த முறை வரைக்கும் ஓட்டலாம். இல்லைன்னா டேங்கர்.

அந்தத் தண்ணியைக் குடிக்காதீங்க. கோலார் ஜில்லா நிலத்தடித் தண்ணியில ஃப்ளோரைடு அதிகம், அம்மாவுக்கு ஏற்கெனவே முட்டி வலின்னு சொல்றீங்க. காசு போட்டா 20 லிட்டர் கேன் நிரப்புற சுத்தத் தண்ணி மிஷின் இருக்கு. கேனைத் தூக்கிட்டு வர ஆள் வேணும், அதுதான் பிரச்சினை. 68 வயசுல அவங்க தூக்க முடியாது. பக்கத்து வீட்டுப் பசங்க தூக்கிக் கொடுப்பாங்க, இன்னும் அந்தப் பழக்கம் இங்க சாகலை. ஆனா பசங்களும் ரயில்ல போயிட்டா? பகல்ல எங்க லைன்ல இருக்கிறது கிழவிங்க, சின்னப் பிள்ளைங்க, நாய்ங்க. அவ்ளோதான்.

கரண்ட் பரவாயில்லை. மளிகை, காய் எல்லாம் கிடைக்கும். பெரிசா ஏதாவது வாங்கணும்னா ராபர்ட்சன்பேட்டை எம்.ஜி. மார்க்கெட், ஷேர் ஆட்டோ ஓடுது. சாயங்காலம் ஆட்டோ குறைஞ்சுடும்.

கோரமண்டல்_பையன்

துபாய்லருந்து எழுதுறேன். இதைப் படிக்கவே கண்ணு கலங்குது அக்கா. எப்படி இருந்த ஊர்!

இளைய தலைமுறைக்குத் தெரியட்டும்னு சொல்றேன். 1902-ல சிவசமுத்திரத்துல காவேரி நீர்வீழ்ச்சியில மின்சாரம் எடுத்து, கிட்டத்தட்ட 147 கிலோமீட்டர் கம்பி இழுத்து எங்க ஊருக்குத்தான் கொண்டாந்தாங்க. பெங்களூருக்கே 1905-லதான் கரண்ட் போச்சு. கிளப், கோல்ஃப் மைதானம், பெரிய ஆஸ்பத்திரி, பேண்டு வாத்தியம், கிறிஸ்துமஸ் கேக்கு. குட்டி இங்கிலாந்துன்னு சும்மாவா பேர் வந்துச்சு? குளிரும் அப்படி. கம்பெனி நடத்தினப்போ ஒரு குப்பை கிடையாது ரோட்டுல.

இப்போ பாழாப் போச்சு. அம்மாவை அங்க அனுப்பாதீங்க பிரதர், மனசு உடைஞ்சுடுவாங்க. ஞாபகத்துல இருக்கிற ஊரே போதும்.

தாமரை_லைன்

கோரமண்டல் தம்பி, கோவிச்சுக்காதீங்க. 1902-ல கரண்ட் வந்தது மிஷினுக்கும் பங்களாவுக்கும். எங்க பாட்டி காலத்துல லைன்ல மண்ணெண்ணெய் விளக்குதான். அந்த விளக்குல பொறந்தவங்கதான் எங்க அப்பா.

கிளப்பைச் சொன்னீங்க, கக்கூஸைச் சொல்லலையே. எங்க லைனுக்குப் பொதுக் கக்கூஸ். மூங்கில் தட்டி வீடா இருந்தது, அப்புறம் கல்லு வீடாச்சு, பத்துக்குப் பத்து அறையில எட்டுப் பேர். ஆனா கக்கூஸ் மட்டும் தெருக்கோடியில, அதுவும் எடுப்புக் கக்கூஸ். அதை அள்ளினது யாருன்னு உங்களுக்கும் தெரியும் எனக்கும் தெரியும். 2010-க்கு அப்புறமும் கோலார் தங்கவயல்ல மனுஷன் மலம் அள்றான்னு பேப்பர்ல வந்துச்சே, வழக்கெல்லாம் ஆச்சே, அது எந்த இங்கிலாந்து?

ராத்திரி வயித்து வலி வந்தா பொம்பளைங்க நாங்க துணைக்கு ஆள் எழுப்பிட்டுப் போவோம். இன்னிக்கு என் வீட்டுக்குள்ளேயே டைல்ஸ் போட்ட பாத்ரூம் இருக்கு. என் காசு, பெங்களூர்ல என் பொண்ணு தையல் மிஷின்ல உக்காந்து சம்பாதிச்ச காசு. என்னைக் கேட்டா ஊர் பாழாப் போகலை, எங்களுக்கு இப்பதான் கதவு போட்ட கக்கூஸ் கிடைச்சிருக்கு.

பழைய_டைம்கீப்பர்

இருவர் சொல்வதும் உண்மை. நான் நந்திதுர்க் மைனில் டைம் ஆபீசில் இருந்தவன், ஆகையால் சற்று விரிவாக எழுத அனுமதிக்க வேண்டும்.

1880-இல் ஜான் டெய்லர் கம்பெனி வந்தபோது இங்கே ஊர் என்று ஒன்று இல்லை. வட ஆற்காடு, சித்தூர், சேலம் பக்கத்திலிருந்து சனங்களைக் கொண்டுவந்து குடியேற்றினார்கள். பெரும்பாலும் ஒடுக்கப்பட்ட சாதியார், ஊரில் நிலமில்லாதவர்கள். இங்கே ரொக்கக் கூலி கிடைத்தது. ஆண்டையின் கண்ணில் படாமல் செருப்புப் போட்டு நடக்கலாம் என்பதற்காகவே வந்தவர்களும் உண்டு என்று என் பாட்டனார் சொல்வார். மாரிக்குப்பத்தில் அயோத்திதாசப் பண்டிதரின் பௌத்த சங்கக் கிளை அத்தனை வலுவாக வேர் பிடித்தது அதனால்தான். அவர் 1914-இல் மறைந்த பிறகு, அவருடைய 'தமிழன்' பத்திரிகையைப் பின்னாளில் மறுபடி நடத்தியவர் நம்மூர் ஜி. அப்பாதுரையார். சுரங்கத்தில் பாறை உடைத்தவன் மாலையில் பத்திரிகை படித்தான், சங்கம் வைத்தான், புத்தகசாலை நடத்தினான். 1930-இல் கைரேகை பதிய மாட்டோம் என்று எல்லாச் சுரங்கத்தையும் நிறுத்தினான். 1954-இல் டாக்டர் அம்பேத்கர் இங்கு வந்தார். வசதி என்ற கணக்கில் இதையெல்லாம் யாரும் எழுதுவதில்லை. நான் எழுதுவேன்.

இனி கேள்விக்கு வருகிறேன். வீடு கம்பெனியுடையது, குழாய் கம்பெனியுடையது, விளக்கு, ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடம், தெருக் கூட்டும் ஆள், சுடுகாட்டுப் பாதை உட்பட எல்லாம் கம்பெனி. 1956-இல் மைசூர் அரசு எடுத்தது, 1962-இல் மத்திய அரசிடம் போனது, 1972-இல் பாரத் கோல்ட் மைன்ஸ் ஆனது. முதலாளி மாறினார், முறை மாறவில்லை. நகரசபை எல்லை ராபர்ட்சன்பேட்டை, ஆண்டர்சன்பேட்டையோடு நின்றது. ஆகவே கம்பெனி மூடிய மறுநாள் காலையில் ஆயிரக்கணக்கான வீடுகளுக்குக் குப்பை அள்ள, குழாய் திறக்க எந்த அலுவலகத்துக்கும் பொறுப்பில்லை. எல்லாம் கொடுத்தார்கள், நம் பெயரில் ஒன்றும் கொடுக்கவில்லை. இன்றைய தண்ணீர்க் கஷ்டம், பத்திரக் கஷ்டம் இரண்டுக்கும் வேர் இதுதான்.

ரயில் மட்டும் ஏன் இன்றும் ஓடுகிறது? 1894-இல் பௌரிங்பேட்டையிலிருந்து (இன்றைய பங்காரப்பேட்டை) போட்ட அந்தப் பாதை சுரங்கத்துக்காகத்தான் போடப்பட்டது, ஆனால் கம்பெனியின் சொத்து அல்ல. அதனால் பிழைத்தது.

சும்மா_படிப்பவன்

திருச்சியிலருந்து ஒரு சின்ன சந்தேகம். கே.ஜி.எஃப். படத்துல காட்டுற மாதிரியெல்லாம் நடந்துச்சா? இப்பவும் மண்ணைச் சலிச்சா தங்கம் கிடைக்குமா?

மாரிக்குப்பம்_லோக்கல்

அண்ணா, படத்துல வர்ற எதுவும் இங்க நடக்கலை. ஞாயித்துக்கிழமை ஆனா பைக்ல வந்து சயனைடு மலை மேல ஏறி செல்ஃபி எடுக்குறாங்க. வந்தவங்க டீ குடிச்சா எங்க கடைக்காரருக்கு லாபம், அவ்ளோதான்.

தங்கம் கீழ இருக்கு. மூணு கிலோமீட்டர் கீழ. எடுக்குற செலவுக்குக் கட்டுப்படி ஆகலைன்னுதானே மூடினாங்க. ஆரம்பத்துல ஒரு டன் கல்லுக்கு 40 கிராமுக்கு மேல கிடைச்சது, கடைசில மூணு கிராம் தேறலை. பம்ப்பை நிறுத்தினதும் சுரங்கம் பூரா தண்ணி ரொம்பிடுச்சு.

ஒயிட்ஃபீல்டு_வாசி

எல்லாருக்கும் நன்றி. டைம்கீப்பர் ஐயா எழுதினதை அம்மாவுக்குப் படிச்சுக் காட்டினேன். கைரேகை ஸ்ட்ரைக்கு கதை அவங்க மாமனார் சொல்லிக் கேட்டிருக்காங்களாம். கூடவே ராக் பர்ஸ்ட் கதையும் வந்துடுச்சு. நடு ராத்திரி பூமிக்கடியில பாறை வெடிச்சா பரண்ல இருக்கிற பித்தளை அண்டா கிணுகிணுன்னு ஆடுமாம். அண்டா ஆடினதும் பொம்பளைங்க எல்லாம் எழுந்து ஷாஃப்ட் வாசலுக்கு ஓடுவாங்களாம், யார் வீட்டு ஆள் கீழ இருக்கான்னு. "இப்போ ஆடினா பயமில்லை, கீழ யாரும் இல்லையே"ன்னாங்க.

ஆஸ்பத்திரியும் தூசியும் இன்னும் யாரும் சொல்லலை. தாமரை அக்கா, நீங்க சொன்னா நல்லா இருக்கும்.

தாமரை_லைன்

கம்பெனி ஆஸ்பத்திரியை மறந்துடுங்க. சாம்பியன்ல அந்தக் கட்டடம் நிக்குது, உள்ள புறாதான். ஒரு காலத்துல சிலிகோசிஸ்னா, அதாவது பாறைத் தூசியால வர்ற நுரையீரல் வியாதின்னா, அங்க எக்ஸ்ரே எடுத்துச் சொல்ற டாக்டருங்க இருந்தாங்க. எங்க அப்பா நெஞ்சுல எவ்வளவு தூசின்னு அங்கதான் தெரிஞ்சுது. தெரிஞ்சு என்ன, மறுநாள் ஷிஃப்ட்டுக்குப் போனார்.

இப்போ காய்ச்சல், சுகர் மாத்திரை, பிரஷர் இதுக்கெல்லாம் ராபர்ட்சன்பேட்டை அரசு ஆஸ்பத்திரி போதும். தனியார் கிளினிக்கும் இருக்கு. நெஞ்சு வலி, பக்கவாதம்னா 30 கிலோமீட்டர் தள்ளி கோலாருக்குப் போகணும், அங்க மெடிக்கல் காலேஜ் ஆஸ்பத்திரி இருக்கு. குப்பம் மெடிக்கல் காலேஜுக்கும் எங்க ஆளுங்க நிறையப் போறாங்க, ஆந்திராதான், ஆனா தமிழ்லயே பேசிக்கலாம். பெரிய வியாதின்னா பங்காரப்பேட்டையில ரயிலேறி காட்பாடி, அங்கிருந்து வேலூர். எங்க வழக்கம் அது.

ராத்திரி 108 வரும். ஆனா லைன் உள்ள சந்துல வண்டி நுழையாது, அதை முதல்லயே தெரிஞ்சுக்கங்க. போன மழையில எங்க எதிர் வீட்டு ஆயாவை நாற்காலியில உக்கார வெச்சு மெயின் ரோடு வரைக்கும் தூக்கிட்டுப் போனோம். ஒரு தனியார் இடத்துல படுக்கை இல்லைன்னு வாசல்லயே திருப்பிவிட்டாங்க. அப்புறம் கோலார் போய்தான் பொழைச்சாங்க. நம்பர் தெரிஞ்ச ஆட்டோக்காரர் ஒருத்தர் கட்டாயம் வேணும், அதுவும் லைன்லயே குடியிருக்கிறவரா.

தூசிக்கு வர்றேன். வீடு ஸ்டேஷனுக்குப் பின்னாடின்னு சொன்னீங்க. மலைக்கு எந்தப் பக்கம்? காத்து மாறுறதைப் பொறுத்து ஒரே தெருவுல கூட வித்தியாசம் உண்டு. மாசியில இருந்தே கொஞ்சம் ஆரம்பிக்கும், ஆடியில உச்சம். மண்ணு மாதிரி இருக்காது, மாவு. பூட்டின பீரோவுக்குள்ள மடிச்சு வெச்ச புடவை மடிப்புல கூட கோடு விழும். சோத்துல பல்லுல நறநறன்னு கடிச்சா அன்னிக்குக் காத்து மேக்கேன்னு அர்த்தம். நாங்க ஆடி மாசம் வடாம் போடுறதில்லை, துணியை உள்ளதான் காயப் போடுவோம், தண்ணிக் குடத்துக்கு ஈரத்துணி கட்டுவோம். மழை ரெண்டு விழுந்துட்டா அடங்கிடும், மார்கழி வரைக்கும் நிம்மதி.

அம்மாவுக்கு ஆஸ்துமா, இழுப்பு ஏதாவது இருக்கா? இருந்தா ஆடியில மட்டும் உங்ககிட்ட கூட்டிட்டுப் போயிடுங்க. நுணுக்கின பாறைதானே அது, சயனைடை விட அந்தப் பொடிதான் நெஞ்சுக்கு ஆகாது.

கோரமண்டல்_பையன்

அக்கா, முன்ன சொன்னதுக்குக் கோபம் இல்லையே? சரி, ஒரு நல்ல சேதி. 2024-ல கர்நாடக அமைச்சரவை அந்த 13 சயனைடு குவியலையும் தோண்ட மத்திய அரசுக்கு ஒப்புதல் கொடுத்துடுச்சு. 3.3 கோடி டன் மண்ணு, அதுல மிச்சத் தங்கம் இருக்கு. அதை அள்ளிட்டா தூசியும் போச்சு, வேலையும் வரும். சென்னை எக்ஸ்பிரஸ்வே பேத்தமங்கலம் வரைக்கும் வந்தாச்சு, ஹொஸ்கோட்டையிலருந்து 71 கிலோமீட்டர் காத்து மாதிரி பறக்கலாம். மாரிக்குப்பம் – குப்பம் ரயில் பாதை வேலையும் நடக்குது. அது முடிஞ்சா மாரிக்குப்பம் கடைசி ஸ்டேஷனா இருக்காது, சென்னை மெயின் லைன்லயே சேர்ந்துடும்.

பிரதர், வீட்டை விட்டுடாதீங்க. அஞ்சு வருஷத்துல விலை எங்கேயோ போயிடும். நானே ஒரு இடம் பார்த்துட்டு இருக்கேன்.

மாரிக்குப்பம்_லோக்கல்

துபாய் அண்ணா, மேல "அனுப்பாதீங்க"ன்னீங்க, இப்போ வாங்கச் சொல்றீங்க. ரெண்டுல ஒண்ணு முடிவு பண்ணுங்க 😄

மலையைத் தோண்டப் போறாங்கன்னு நான் கேள்விப்படாத வருஷம் கிடையாது. 2013-ல சுப்ரீம் கோர்ட் டெண்டர் விடலாம்னு சொன்னப்போ எங்க லைன்ல ஸ்வீட்டே கொடுத்தாங்க. வேலைக்கு எடுப்பாங்கன்னு எங்க மாமா பழைய ஹெல்மெட்டைத் தொடைச்சு வெச்சார். இன்னும் ஆணியில தொங்குது. தோண்டினாலும் ஜேசிபி நாலு, டிப்பர் நாப்பது, ஆளுக்கு எங்க வேலை? தோண்டுறப்போ பறக்குற தூசியை யார் தின்னுறது? தண்ணி தெளிச்சு வேலை செய்வாங்களா? தண்ணி எங்கருந்து?

எக்ஸ்பிரஸ்வே காரு வெச்சிருக்கிறவனுக்கு. டூவீலரே விட மாட்டான் அதுல. குப்பம் லைன் வந்தா மட்டும் எனக்குச் சந்தோஷம்தான். ஆனா அங்கருந்து ரொம்பிட்டு வர்ற வண்டியில எனக்கு சீட்டு இருக்காதே, அந்தக் கவலையும் கீது.

ஒயிட்ஃபீல்டு_வாசி

இழுப்பு இல்லைக்கா. வீடு மலைக்கு மேக்கால, கொஞ்சம் தள்ளிதான்.

சனிக்கிழமை அம்மாவைக் கூட்டிட்டுப் போய்ப் பார்த்தோம். பூட்டு துருப்பிடிச்சு உடைக்க வேண்டியதாப் போச்சு. சத்தம் கேட்டு எதிர் வீட்டுல இருந்து ஒருத்தங்க வந்து, "யாரு, பெரியவர் மருமகளா?"ன்னு கேட்டதுதான் தாமதம், அதுக்கப்புறம் அம்மாவை என்னால வீட்டுக்குள்ள கூட்டிட்டு வரவே முடியலை. மதியச் சாப்பாடு எனக்கு ஒரு வீட்டுல, அம்மாவுக்கு வேற ஒரு வீட்டுல.

வீடு பரவாயில்லை. ஓடு நாலஞ்சு இடத்துல உடைஞ்சிருக்கு, முன்பக்கம் இறக்கின தகரம் போச்சு. பெரியம்மா பின்னாடி கக்கூஸ் கட்டியிருக்காங்க, இந்தியன் டைப். அம்மாவால உக்கார முடியாது, மாத்தணும். குழாய் இருக்கு, தண்ணி அன்னிக்கு வரலை. நான் ஸ்டேஷனுக்கு நடந்து பார்த்தேன், பக்கம்தான். ராத்திரி அந்த வழியில விளக்கு இல்லை, ரெண்டு கம்பத்துல ஒண்ணு எரியுது, அதுவும் விட்டு விட்டு.

என் மனைவி ஒரு கேள்வி கேட்டா, எனக்குப் பதில் தெரியலை. "அத்தைக்கு அங்க பேச ஆள் இருக்கு, சரி. பகல்ல இருக்கிறவங்க எல்லாருமே வயசானவங்க. பத்து வருஷம் கழிச்சு யார் இருப்பா?"

இப்போதைக்கு அப்பாவோட விதவை பென்ஷன் ஆயிரத்துச் சொச்சம் வருது, அதுல அம்மா தன் செலவைப் பார்த்துப்பேங்கிறாங்க. நடக்காதுன்னு அவங்களுக்கும் தெரியும்.

யோசிச்சு ஒரு முடிவுக்கு வந்திருக்கோம். ஐப்பசியில இருந்து மாசி வரைக்கும் அம்மா அங்க. நான் வாரத்துல ரெண்டு மூணு ராத்திரி அங்க தங்கி ரயில்ல வந்து போறேன். வெயில், ஆடிக்காத்து ரெண்டுக்கும் எங்ககூட இங்க. அதுக்குத் தகுந்த ரிப்பேர் மட்டும், அதாவது ஓடு, கக்கூஸ், சின்டெக்ஸ். பெரிசா எதுவும் வேணாம்னு பார்க்கிறேன். பத்திர விஷயம் தெரியாம கைக்காசை அதிகம் போட பயமா இருக்கு. ஐயா, அது பத்திச் சொல்ல முடியுமா?

தாமரை_லைன்

பத்து வருஷம் கழிச்சு யார் இருப்பான்னு உங்க வீட்டுக்காரி கேட்டது சரியான கேள்வி. எனக்கும் பதில் தெரியாது. ஆனா பெங்களூர்ல வாடகை கட்ட முடியாம திரும்பி வர்ற குடும்பம் எங்க லைன்லயே இருக்கு. என் பொண்ணும் கல்யாணத்துக்கப்புறம் இங்கதான் குடித்தனம், மாப்பிள்ளை ரயில்ல போறார். லோக்கல் தம்பியும் இங்கதானே கிடக்கார்.

பேரன் பேத்தி படிப்புன்னு வந்தா வேற கதை. தமிழ் மீடியம் பள்ளிக்கூடம் ஒவ்வொண்ணா இளைச்சுப் போச்சு, பசங்க கன்னடம், இங்கிலீஷ்ல படிக்குதுங்க, வீட்டுல தமிழ் பேசுதுங்க, எழுதத் தெரியாது. ஆபீஸ் ஃபாரம் எல்லாம் கன்னடம், அதை மட்டும் பசங்க பூர்த்தி பண்ணிக் கொடுக்கும்.

சின்டெக்ஸ் மேல வைக்காதீங்க, ஓட்டு வீடு தாங்காது. கீழேயே மேடை கட்டி வைங்க. டிரம்முக்கு இறுக்கமான மூடி முக்கியம், தூசிக்கும் கொசுவுக்கும்.

மாரிக்குப்பம்_லோக்கல்

விளக்கு விஷயம் நாங்க ஏற்கெனவே எழுதிக் கொடுத்து கீறோம். இன்னொரு தடவை கொடுக்கும்போது உங்க கையெழுத்தும் போடுங்க. தங்குற அன்னிக்குச் சொல்லுங்க, ஸ்டேஷனுக்கு ஒண்ணாப் போலாம். டார்ச் இருக்கு.

பழைய_டைம்கீப்பர்

பத்திர விஷயம். மூடியபோது எங்களுக்குக் கொடுத்த தொகையோடு, குடியிருந்த குவார்ட்டர்ஸையும் குடியிருப்பவருக்கே கொடுப்பது என்று பேசப்பட்டது. பலரிடம் ஒதுக்கீட்டுத் தாள் இருக்கிறது. கிரயப் பத்திரமும் காத்தாவும் (நகரசபைச் சொத்துப் பதிவு) எல்லோருக்கும் முடிந்துவிடவில்லை. ஆகவே உங்கள் பெரியம்மா பெயரில் மின் மீட்டரும் வரி ரசீதும் இருந்தால் அது குடியிருப்பதற்குச் சாட்சி, உடைமைக்குச் சாட்சி அல்ல. இதை ஒரு நல்ல வக்கீலிடம் காட்டாமல் யாருக்கும் முன்பணம் கொடுக்காதீர்கள். "நான் காத்தா செய்து தருகிறேன்" என்று ஸ்டேஷன் டீக்கடையில் பேசும் ஆட்கள் உண்டு.

வீடு முதலில் யாருக்கு ஒதுக்கப்பட்டது, உங்கள் தாத்தாவுக்கா, அப்பாவுக்கா, பெரியப்பாவுக்கா என்று பாருங்கள். அதைப் பொறுத்து வாரிசு மாறும். பெரியம்மாவுக்குப் பிள்ளைகள் உண்டென்றால் அவர்களையும் உட்கார வைத்துப் பேசிவிடுங்கள். ரிப்பேருக்குப் பிறகு பேசினால் சண்டை வரும்.

தேட வேண்டியவை: கம்பெனி அடையாள அட்டை, வேலை எண் உள்ள சம்பளச் சீட்டு ஏதாவது ஒன்று, ஓய்வுத் தொகை ஆணை, குவார்ட்டர்ஸ் ஒதுக்கீட்டுக் கடிதம், பென்ஷன் புத்தகம், இறப்புச் சான்றுகள், வாரிசுச் சான்று. பழைய தகரப் பெட்டியின் அடியில், சாமி படத்தின் பின்புறம் இரண்டு இடத்திலும் பாருங்கள், நம் ஆட்கள் அங்கேதான் வைப்பார்கள். எல்லாவற்றிலும் மூன்று ஜெராக்ஸ் எடுங்கள். ஒரிஜினலை யார் கேட்டாலும் கையில் கொடுக்க வேண்டாம், காட்டினால் போதும். வேலை எண் கிடைத்தால் தனிச்செய்தியில் அனுப்புங்கள். அந்தக் காலத்து டைம் ஆபீஸ் வரிசை எப்படி இருக்கும் என்று எனக்கு இன்னும் தெரியும், எந்தச் சுரங்கம், எந்தப் பிரிவு என்று சொல்லிவிடுவேன்.